வளவு வாசலில் விழும் வெயிலும் குரூப் 4 புவியியலும்

சூரியக் குடும்பம், புவி ஆகிய பாடங்களிலிருந்து போட்டித் தேர்வில் வரும் கேள்விகள் பெரும்பாலும் சுலபமானவை. அதனால்தான் அங்கே மதிப்பெண் போனால் கூடுதலாக வலிக்கிறது. படிக்காமல் விடுகிறவர்களைவிட, படித்ததைக் குழப்பிக்கொண்டு விடுகிறவர்கள்தான் அதிகம். கோடியா மில்லியனா, சுழலுதலா சுற்றுதலா, 23½ டிகிரியா 66½ டிகிரியா என்று கடைசி நிமிடத்தில் தடுமாறுவார்கள். எண்ணை மட்டும் நெட்டுருப் போட்டால் இந்தத் தடுமாற்றம் போகாது. அந்த எண் எதை அளக்கிறது என்று ஒருமுறை கையால் அளந்துவிட்டால் போய்விடும்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பழைய வீடுகளில் நடுவிலேயே வானம் திறந்திருக்கிறது. ‘வளவு வாசல்’ என்கிற அந்த நடு முற்றத்தில் விழும் வெயில் கட்டத்தை ஒரு வருடம் கவனித்தால் புவியின் சாய்வு, பருவம், அட்சரேகை எல்லாம் அதிலேயே இருக்கும். “மாசி பொறந்தா வெயில் இந்தத் தூணுக்கு வந்துரும், வத்தலை அந்தப் பக்கம் மாத்தணும்” என்று கணக்கு வைத்திருக்கும் ஆச்சிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது வானியல்தான், பெயர்தான் வேறு. வளவு இல்லாத வீட்டுக்காரர்களுக்கு மொட்டை மாடி போதும்.

காரைக்குடி ஏறத்தாழ வடக்கு அட்சரேகை 10 டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் 22 வாக்கில் சூரியன் மகர ரேகைக்கு மேல், அதாவது தெற்கே 23½ டிகிரியில் நிற்கும். அன்று நடுப்பகலில் நம் தலைக்கு நேர்மேலிருந்து அது தெற்கே 33½ டிகிரி தள்ளியிருக்கும். ஜூன் 21 வாக்கில் கடக ரேகைக்கு மேல் நிற்கும். அப்போது நம் தலைக்கு வடக்கே 13½ டிகிரி. தாழ்வாரக் கூரையின் விளிம்பு தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நடுப்பகல் வெயில் கட்டம் டிசம்பரில் வடக்கே சுமார் 2.3 மீட்டர் நகர்ந்திருக்கும், ஜூனில் தெற்கே சுமார் 80 சென்டிமீட்டர். ஆக மொத்தம் 3 மீட்டருக்குமேல். எட்டு அங்குல ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் பதினைந்து கல் தூரம்! அந்தப் பதினைந்து கல்லும் புவி அச்சின் சாய்வால் வந்தவை. அச்சு சாயாமல் இருந்திருந்தால் வெயில் கட்டம் வருடம் முழுக்க ஒரே கல்லில் நின்றிருக்கும்.

இங்கே ஒரு பழைய கண்ணி. புவியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருக்கிறது என்பது சுற்றுப்பாதைத் தளத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தது. சுற்றுப்பாதைத் தளத்திலிருந்தே அளந்தால் 66½ டிகிரி. இரண்டும் சரி. கேள்வியில் ‘தளத்துடன்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விடையைத் தொட வேண்டும்.

அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு முறை இது. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி, தூக்குக்குண்டு, ரசமட்டம், சாக்குக்கட்டி, அளவு நாடா. வளவின் தரையில் நேரடியாக நட்டுவிடாதீர்கள். மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காக அந்தத் தரையை ஒரு மூலைக்கு வாட்டம் வைத்துத்தான் போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த வாட்டம் நிழலின் நீளத்தைக் கெடுத்துவிடும். ஒரு பலகையைப் போட்டு, அடியில் ஆப்பு கொடுத்து, இரண்டு திசையிலும் ரசமட்டம் பார்த்து, அதன்மேல் குச்சியை நிறுத்துங்கள். தூக்குக்குண்டு குச்சிக்கு எல்லாப் பக்கமும் ஒட்டினாற்போல் தொங்க வேண்டும்.

திசை பார்க்க காம்பஸை நம்பவேண்டாம். வளவுக்கு மேலே இப்போது பெரும்பாலும் இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். முள் அதன் பக்கம் இழுபடும். பழைய ஸ்தபதிகள் சங்கு (நிழல் பார்க்கும் முளைக்குச்சி) நட்டுத் திசை பார்த்த முறையே நல்லது. குச்சியின் அடியை மையமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, மாலையில் மறுபடி தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. அந்தக் கோட்டின் நடுவையும் குச்சியின் அடியையும் இணைத்தால் வடக்கு தெற்கு. அடுத்த நாள் நிழல் அந்த வடக்கு தெற்குக் கோட்டில் வந்து படியும் நேரம்தான் உங்கள் ஊரின் உண்மையான நடுப்பகல். ‘நிழல் மிகச் சிறியதாகும் நேரம்’ என்று காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். நடுப்பகலை ஒட்டிய பத்து நிமிடத்தில் நீளம் மாறுவது தெரியவே தெரியாது.

நிழலின் நுனி மங்கலாக இருக்கும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலம் கொண்ட வட்டு. அதனால் ஒரு மீட்டர் குச்சிக்கு நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கல் விழும். அந்த மங்கலின் நடுவில் குறி வையுங்கள். எப்போதும் ஒரே மாதிரி வைப்பது முக்கியம்.

இனி கணக்கு. மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய சம இரவு நாட்களில் காரைக்குடியில் ஒரு மீட்டர் குச்சியின் நடுப்பகல் நிழல் 17.8 சென்டிமீட்டர், வடக்கு நோக்கி. டிசம்பர் 22-ல் 66 சென்டிமீட்டர், அதுவும் வடக்கு நோக்கி. ஜூன் 21-ல் 24 சென்டிமீட்டர், ஆனால் தெற்கு நோக்கி. நடுப்பகல் நிழல் தெற்கே விழும் என்பதைப் பலர் நம்பமாட்டார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு அப்படித்தான் விழுகிறது. ஏப்ரல் 16-ஐ ஒட்டி, சித்திரை பிறந்த மூன்றாம் நாள் வாக்கில், நிழலே இருக்காது. ஆகஸ்ட் 26, 27 வாக்கில் இன்னொரு முறை. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் உள்ள இடங்களில் மட்டும்தான் சூரியன் வருடத்தில் இருமுறை தலைக்கு நேர்மேலே வரும். டெல்லியில் ஒருநாளும் வராது. வெப்ப மண்டலத்தின் எல்லையே இதுதான்.

சம இரவு நாளில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேல் நிற்பதால், நிழலின் நீளத்திலிருந்து கிடைக்கும் கோணமே உங்கள் அட்சரேகை. நிழலில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் அட்சரேகையில் அரை டிகிரிக்கு மேல் பிசகும், அதாவது தரையில் சுமார் 60 கிலோமீட்டர். உங்கள் வீடு புதுக்கோட்டையைத் தாண்டிப் போய்விடும். ஒரு டிகிரி அட்சரேகைக்கு 111 கிலோமீட்டர் என்ற எண் இப்படித்தான் மனசில் நிற்கும். சென்னையில் ஒரு தோழியோ உறவுக்காரரோ இருந்தால் அதே சம இரவு நாளில் அவரையும் அளக்கச் சொல்லுங்கள். அங்கே 23.2 சென்டிமீட்டர் வரும். கோணத்தில் வித்தியாசம் 3 டிகிரி; வடக்கு தெற்காக நேர்தூரம் சுமார் 334 கிலோமீட்டர். 360-ஐ 3-ஆல் வகுத்து 334-ஆல் பெருக்கினால் 40,080 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டில் புவியின் சுற்றளவு 40,075. பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் செய்ததும் இதே வேலைதான். அவருடைய ஊர்கள் எகிப்தின் சையீனும் அலெக்சாந்திரியாவும், அவருக்குக் கிடைத்த கோணம் 7.2 டிகிரி. பஸ் போகும் தூரத்தைப் போட்டுவிடாதீர்கள், சாலை வளைந்து வளைந்து போகிறது. இருவரும் ஒரே கடிகார நேரத்தில் அளக்கவும் கூடாது, அவரவர் ஊர் நடுப்பகலில் அளக்க வேண்டும்.

அந்த நடுப்பகல் எத்தனை மணிக்கு? இந்திய நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. காரைக்குடி 78¾ டிகிரி. வித்தியாசம் 3¾ டிகிரி. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 15 நிமிடம். ஏப்ரல் நடுவில் பார்த்தால் சரியாக 12:15-க்கு நடுப்பகல். இதே கணக்கை 82½-க்குப் போட்டால் 330 நிமிடம், கிரீன்விச்சிலிருந்து 5½ மணி நேரம். தேர்வில் கேட்கும் நேரக் கணக்கு எல்லாம் இந்த ஒரு வரிதான். ஆனால் வருடம் முழுக்க 12:15 என்று நினைக்கவேண்டாம். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 12:29 வரை தள்ளிப்போகும், நவம்பர் முதல் வாரத்தில் 11:58-க்கே வந்துவிடும். புவியின் பாதை நீள்வட்டமாக இருப்பதும் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை அது.

நீள்வட்டப் பாதையைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம், சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். ஆனி மாதம் 32 நாள் வரை போகும், மார்கழி 29-லேயே முடிந்துவிடும். ஏன் என்று பலரும் கேட்டதில்லை. தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். ஜூலை 4-ஐ ஒட்டி புவி சூரியனிலிருந்து மிகத் தொலைவில், 15.21 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. மெதுவாக நகர்கிறது, மாதம் நீள்கிறது. ஜனவரி 3, 4 வாக்கில் மிக அருகில், 14.71 கோடியில், வேகமாக நகர்கிறது, மாதம் குறுகுகிறது. கெப்ளரின் இரண்டாம் விதி என்று புத்தகம் சொல்வது இதைத்தான். ஆங்கிலக் காலண்டரிலும் எண்ணிப் பாருங்கள்: மார்ச் 21-லிருந்து செப்டம்பர் 23 வரை 186 நாள், அங்கிருந்து மறுபடி மார்ச் 21 வரை 179 நாள்தான்.

ஆக, சூரியனுக்கு மிக அருகில் போவது மார்கழிக் குளிரில், மிகத் தொலைவில் போவது ஆனி வெயிலில். பருவ காலங்களுக்குக் காரணம் தூரம் அல்ல, சாய்வு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அக்னி நட்சத்திரம் மே 4-லிருந்து 28 வரை வாட்டுகிறது. சூரியன் ஏப்ரல் நடுவிலேயே தலைக்கு மேல் வந்துவிட்டாலும் தரை சூடேற நாளாகிறது. தோசைக்கல் அடுப்பில் வைத்தவுடனே காய்வதில்லை.

தை 1-ஐ உத்தராயணத் தொடக்கம் என்று கொண்டாடுகிறோம். தேர்வில் சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள் டிசம்பர் 22 என்றுதான் எழுத வேண்டும். புவியின் அச்சு பம்பரம்போல் சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை தலையைச் சுற்றுவதால் ராசிக் கணக்கும் பருவக் கணக்கும் 24 நாள் அளவுக்கு விலகியிருக்கின்றன. சித்திரை 1-க்கும் மார்ச் 21-க்கும் உள்ள இடைவெளியும் அதே கதைதான். பண்டிகையைப் பஞ்சாங்கப்படி கொண்டாடுங்கள், விடைத்தாளில் மட்டும் கலக்காதீர்கள்.

தூரம், அளவு பற்றிய கேள்விகளுக்குச் சமையலறைக்குப் போவோம். ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 சென்டிமீட்டர் கயிறு பிடித்து வாசலில் ஒரு வட்டக் கோலம் போடுங்கள், அதுதான் சூரியன். புதன் ஒரு மிளகு, 58 மீட்டரில். வெள்ளி ஒரு சுண்டைக்காய், 108 மீட்டரில். புவி அதைவிடத் துளி பெரிய சுண்டைக்காய், 150 மீட்டரில். நிலா ஓர் உளுந்து. புவியிலிருந்து 38 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவு. செவ்வாய் கறுப்புக் கொண்டைக்கடலை, 228 மீட்டரில். அதுவரை எல்லாம் ஒரே தெருவுக்குள் அடங்கிவிட்டது. வியாழன் 14 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்ட பெரிய தேங்காய். அதற்கு 778 மீட்டர் போக வேண்டும். இடையில் உள்ள அந்த அரைக் கிலோமீட்டரில்தான் சிறுகோள் பட்டை. சனி அதைவிடச் சிறிய தேங்காய், 1.4 கிலோமீட்டர். யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் எலுமிச்சம்பழங்கள்; முதலாவது 2.9 கிலோமீட்டரில், இரண்டாவது 4.5 கிலோமீட்டரில். அதற்கு அடுத்த நட்சத்திரம் பிராக்சிமா செண்டாரி இந்தக் கணக்கில் 40,000 கிலோமீட்டர் தள்ளி, உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவரும் தூரம்!

இந்த மாதிரியில் ஒரு அழகு: வெளிச்சம் வினாடிக்கு ஓர் அடிதான் நகரும். நிலாவிலிருந்து புவிக்கு 1.3 வினாடி. கோலத்திலிருந்து சுண்டைக்காய்க்கு 500 வினாடி, அதாவது 8 நிமிடம் 20 வினாடி. நெப்டியூனுக்கு 4 மணி நேரத்துக்கு மேல். ஒளியாண்டு தூரத்தின் அலகு, காலத்தின் அலகு அல்ல என்பதும் இதில் விளங்கிவிடும்.

புத்தகப் படங்களில் எட்டுக் கோளையும் சம இடைவெளியில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பக்கத்தில் இடம் இல்லை, வேறு வழியில்லை. அதைப் பார்த்தே மனப்பாடம் செய்தால் உட்கோள் நான்கும் வெளிக்கோள் நான்கும் ஏன் பிரிந்தன என்பது பிடிபடாது.

இப்போது கோடி விவகாரம். 1 மில்லியன் என்பது 10 லட்சம். சூரியனுக்கும் புவிக்கும் சராசரித் தூரம் 149.6 மில்லியன் கிலோமீட்டர், அதாவது 14.96 கோடி. விடைகளில் ‘149.6 கோடி’ என்று ஒன்றை வைத்திருப்பார்கள். எண்ணைப் பார்த்த வேகத்தில் விழுந்துவிடக் கூடாது. அதேபோல் நிலாவின் தூரம் 3,84,400 கிலோமீட்டர். காற்புள்ளி இடம் மாறி அச்சாகியிருந்தாலும் எண் அதேதான்.

சொல் குழப்பத்துக்கு ஒரே மருந்து, வினையை நினைவில் வைப்பது. பம்பரம் சுழல்கிறது, பக்தர் கோயிலைச் சுற்றுகிறார். சுழலுதலால் இரவு பகல்: 23 மணி 56 நிமிடம் 4 வினாடி. சுற்றுதலால் பருவம்: 365¼ நாள். சூரியனை வைத்து எண்ணும் நாள் 24 மணி நேரமாக இருப்பது, ஒரு சுழற்சிக்குள் புவி பாதையில் ஒரு டிகிரி நகர்ந்துவிடுவதால், மிச்சம் 4 நிமிடம் கூடுதலாகச் சுழலவேண்டியிருப்பதால். வினாத்தாளில் தமிழ்ச் சொல் சந்தேகம் கொடுத்தால் பக்கத்தில் உள்ள ஆங்கில வடிவத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கோள்களைப் பற்றி அடிக்கடி தவறுவது சில இடங்களில்தான். மிக வெப்பமான கோள் புதன் அல்ல, வெள்ளி. சுமார் 465 டிகிரி செல்சியஸ். அதன் வளிமண்டலத்தில் 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. புதனுக்குப் போர்த்திக்கொள்ளக் காற்றே இல்லை, இரவில் உறைந்துவிடும். வெள்ளி ஒருமுறை தன்னைத்தானே சுழல 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். வெள்ளியும் யுரேனஸும் கிழக்கிலிருந்து மேற்காகச் சுழல்பவை. சனியின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. நிலாக்கள் அதிகம் உள்ள கோள் எது என்றால் பழைய கைடுகள் வியாழன் என்று சொல்லும். 2025 மார்ச்சில் 128 புதியவை சேர்ந்து சனிக்கு 274 ஆகிவிட்டது. எந்த வருடத்துப் புத்தகம் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் படிக்கவேண்டிய பகுதி இது ஒன்றுதான். புளூட்டோ 2006-ல் குறுங்கோள் ஆனது. சீரஸ், ஏரிஸ், மேக்மேக், ஹௌமியா மற்ற நான்கு. சொல் கவனம்: சில நூல்கள் இவற்றைக் குள்ளக் கோள்கள் என்று எழுதும், பட்டையில் உள்ள பாறைகளைச் சிறுகோள் என்றும் குறுங்கோள் என்றும் மாற்றி மாற்றி எழுதும்.

நவகிரகம் ஒன்பது, அறிவியலில் கோள் எட்டு. கோயில் பட்டியலில் உள்ள சூரியன் நட்சத்திரம், சந்திரன் துணைக்கோள், ராகுவும் கேதுவும் நிலாவின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். நகரத்தாரின் நகரக் கோயில் ஒன்பது, கோள் எட்டு என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நினைவு வைத்துக்கொள்ளலாம். நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை. அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்கு அருகில் நேர்ந்தால்தான் வரும்.

புவியின் உள்ளமைப்பில் அதிகம் சிரமம் இல்லை. மேலோடு, கவசம், கருவம். கவசம் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை. மேலோட்டுக்கும் கவசத்துக்கும் நடுவே மோஹோ எல்லை, கவசத்துக்கும் கருவத்துக்கும் நடுவே குட்டன்பர்க் எல்லை. வெளிக்கருவம் திரவம், உட்கருவம் திடம்.

விண்வெளிப் பயணங்களில் நாளும் ஏவுகலமும் கேட்பார்கள். சந்திரயான்-1 2008 அக்டோபர் 22. மங்கள்யான் 2013 நவம்பர் 5-ல் கிளம்பி 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயை அடைந்தது. சந்திரயான்-3 2023 ஜூலை 14-ல் கிளம்பி ஆகஸ்ட் 23-ல் இறங்கியது. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 அதே ஆண்டு செப்டம்பர் 2, ஏவியது பி.எஸ்.எல்.வி. அது நிற்கும் இடம் புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். நம் மாதிரியில் சுண்டைக்காயிலிருந்து ஒன்றரை மீட்டர்தான். சூரியனுக்குப் பக்கத்தில் போய்விட்டது என்று எழுதுகிறவர்கள் அந்த 150 மீட்டர் தெருவை நினைத்துப் பார்க்கலாம்.

பகலில் அளந்த அட்சரேகையை இரவில் சரிபார்க்கவும் வழி உண்டு. துருவ நட்சத்திரம் எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ அதுவே ஏறத்தாழ உங்கள் அட்சரேகை. நமக்கு 10 டிகிரி. கையை நேராக நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் அவ்வளவுதான். சித்திரை, வைகாசி முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலம் உயரத்தில் நிற்கும். அதன் முகப்பில் உள்ள இரண்டு நட்சத்திரங்களை இணைத்து, அந்த இடைவெளியைப்போல் ஐந்து மடங்கு கீழே வாருங்கள். தொடுவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில் தனியாக, சுமாரான பிரகாசத்தில் ஒன்று இருக்கும். ‘மிகப் பிரகாசமான நட்சத்திரம்’ என்று இதைத் தேடினால் கிடைக்காது, அந்தப் பெயர் சிரியஸுக்கு. தெருவிளக்கும் புழுதியும் உள்ள பக்கம் என்றால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் பாருங்கள்.